பொதிமாடும் ஊசியும்

காஞ்சிபுரத்தின் பெருமையைக் கூறும் பழந்தமிழ் நூல்களுள் பெரும்பாணாற்றுப்படை முதன்மையானது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதனைப் பாடினார். காஞ்சியில் பிறந்து, காஞ்சியிலேயே வரலாற்று ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமை ஆசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்ற நான், ஊர்ப்பெருமை பேச நேரும்போதெல்லாம் அந்நூலைத் துணைக்கழைப்பது வழக்கம். ஆனால் அந்நூலில் பேசுகின்றவன் யார் என்பதை நெடுங்காலம் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவன் காஞ்சியில் குடியிருப்பவன் அல்லன். யாழைத் தூக்கிக்கொண்டு ஊர்தோறும் திரியும் பாணன். அவன் வழிகூறுவதும் தன்னைப் போலவே திரியும் மற்றொரு பாணனுக்குத்தான். அவன் காட்டும் வழியிலோ, மனைவி மக்களோடு உப்பு வண்டி ஓட்டிச் செல்லும் உமணரையும், மிளகுப்பொதி சுமந்து வரும் கழுதைச் சாத்தினையும் காண்கிறோம். நிலைத்து நிற்கும் நகரின் புகழை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நில்லாது நடந்தவர்களே அன்றோ?

இதனை உணராமல் நான் வகுப்பறையில் வேறொன்றைக் கற்பித்து வந்தேன். "மனிதன் ஓரிடத்தில் நிலைத்து வாழத் தொடங்கிய நாள்தான் நாகரிகம் தொடங்கிய நாள்" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். மாணவர்கள் அதனை அப்படியே தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவார்கள். அப்படியானால், அலைந்து வாழ்ந்தவர்களுக்கு நாகரிகம் இல்லையா, வரலாறு இல்லையா என்று எவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அக்கேள்வியை என்னிடம் எழுப்பியவர்கள் லம்பாடியர். வடக்கே இவர்களைப் பஞ்சாரர் என்றும், ஆந்திரத்தில் சுகாலியர் என்றும் வழங்குவர். இராசபுத்தானப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவிய மக்கள் இவர்கள். இவர்கள் பேசும் மொழி இராசத்தானி மொழிகளோடு உறவுடையது. அதற்குத் தனி எழுத்து இல்லை. இவர்கள் கூட்டமாகச் செல்லும் பயணத்திற்கும், தங்கும் குடியிருப்பிற்கும் 'தாண்டா' என்பது ஒரே பெயர். ஊருக்கும் பயணத்திற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மக்களின் மனநிலையை ஊரை விட்டு நகராத நாம் எளிதில் அறிய இயலாது.

இவர்கள் வீணே அலைந்தவர்கள் அல்லர். அலைவதே இவர்களுடைய தொழில். இரயிலும் நல்ல சாலையும் இல்லாத அக்காலத்தில் ஒரு நாட்டில் விளைந்த நெல் மற்றொரு நாட்டின் பசியைத் தீர்க்க வேண்டுமானால் அது மாட்டின் முதுகில் ஏறித்தான் செல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு நகைவணிகர் தாவர்னியே இக்கூட்டங்களைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். ஒரு கூட்டத்தில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் பொதிமாடுகள் இருக்குமாம். எதிரே வரும் வண்டிகள் இவர்கள் கடந்து செல்லும்வரை இரண்டு மூன்று நாள் காத்துக் கிடக்க நேருமாம். தானியம் சுமக்கும் பிரிவு, அரிசி சுமக்கும் பிரிவு, பருப்பு சுமக்கும் பிரிவு, உப்புச் சுமக்கும் பிரிவு என இவர்களுள் நான்கு பிரிவுகள் இருந்தன என்றும் அவர் குறிக்கிறார்.

போர்க்காலத்தில் இவர்களுடைய மதிப்பு இன்னும் உயர்ந்தது. மொகலாயப் படைகள் இவர்களை நம்பின. திப்பு சுல்தானை எதிர்த்துச் சென்ற ஆங்கிலப் படைகளும் இவர்களை நம்பின. 1791-இல் சீரங்கப்பட்டணத்தை நெருங்கிய காரன்வாலிசு பிரபு, மாடுகள் மடிந்து உணவு குன்றியதால் முற்றுகையிடாமலே திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டுப் படையெடுப்பில் பஞ்சாரரின் தானியம் அவருக்குக் கைகொடுத்தது. 1799-ஆம் ஆண்டு முற்றுகையிலும், 1803-ஆம் ஆண்டு மராட்டியப் போரிலும் ஆர்தர் வெல்லெசுலி இவர்களின் பொதிமாடுகளைக் கொண்டே படைக்குச் சோறிட்டார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்றவர் இவர்தாம். நம் பாடநூல்களில் தளபதிகளின் பெயர் உண்டு. போர் நடந்த ஆண்டு உண்டு. அத்தனை ஆயிரம் வீரர்கள் அன்று என்ன உண்டார்கள், அதனை யார் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

பிறகு 1856-ஆம் ஆண்டு சூலை முதல்நாள், இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியின் வாலாசா வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடிற்று. அதனை நாம் முன்னேற்றத்தின் தொடக்கம் என்று படிக்கிறோம், அது உண்மையே. ஆனால் பத்தாயிரம் மாடுகள் சுமந்ததை இரயில்கள் சுமக்கத் தொடங்கியபின், மாட்டுக்காரன் என்ன ஆனான்? தொழில் போயிற்று, தொழில் போனபின் அலைச்சல் மட்டுமே எஞ்சிற்று. காரணமின்றி அலைபவனைக் கண்டால் அரசாங்கத்திற்கு ஐயம் பிறக்கும். 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பழங்குடியினர் சட்டத்தை இயற்றியது. 1911-க்குப் பின் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த கொடிய சட்டம் அது. லம்பாடியருள்ளும் சில பிரிவினர் அதற்கு இரையாயினர். படைக்குச் சோறிட்டவர்களின் பேரர்கள் காவல் நிலையத்தில் கைந்நாட்டு வைக்க நேர்ந்தது. விடுதலைக்குப் பின் 1952-இல்தான் அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கிற்று.

சட்டம் நீங்கினாலும், அது விட்டுச்சென்ற எண்ணம் எளிதில் நீங்குவதில்லை. இதற்கு நானே சான்று. 1998-ஆம் ஆண்டு எங்கள் பள்ளியருகே சாலைபோட வந்த தொழிலாளர் கூட்டத்தில் சில லம்பாடிக் குடும்பங்கள் இருந்தன. ஒருநாள் ஒரு தாய் தன் மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து பள்ளியில் சேர்க்க வேண்டினாள். படிவத்தில் 'நிலையான முகவரி' என்றொரு கட்டம் உண்டு. அதில் எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. "மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன், அம்மா, அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். கேட்காமலே சேர்த்திருக்கலாம், அவ்வளவு அதிகாரம் எனக்கு இருந்தது. அடுத்த வாரம் நானே அவ்விடத்திற்குச் சென்றபோது கூடாரங்கள் இல்லை; புதிதாய்ப் போட்ட சாலை மட்டும் இருந்தது. அச்சிறுமியின் சட்டைக் கையில் சிறு கண்ணாடித் துண்டுகளைச் சுற்றிச் சிவப்பு நூலால் தைத்திருந்தது மட்டும் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

அந்தத் தையலைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். லம்பாடிப் பெண்களின் பாவாடைக்குப் பேட்டியா என்றும், இரவிக்கைக்குக் காஞ்சளி என்றும் பெயர். (காஞ்சளி என்ற பெயரில் நம் காஞ்சி ஒலிப்பதைக் கண்டு எவரும் மகிழ்ந்துவிட வேண்டாம். அது கஞ்சுகம் என்னும் வடசொல்லின் உறவு.) அவற்றில் கண்ணாடியும், சோழியும், பலநிற நூலும் கொண்டு சதுரமும் முக்கோணமுமாக நிரப்பித் தைப்பர். பெரும்பாலும் துணியில் முன்னரே கோடு வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணி ஊசி ஓட்டுவர். தாய் தைப்பதை மகள் அருகிருந்து காண்பாள், அதுவே பாடம்.

நம் காஞ்சியில் அவ்வாறன்று. தாழம்பூ ரேக்கும் மயில்கண்ணும் அன்னப்பட்சியும் யாளியும் கோயில் தூணில் இருக்கின்றன. தறியில் கட்டிய அடையில் இருந்தன. இன்று ஜக்கார்டு அட்டையில் இருக்கின்றன. ஒரு நெசவாளர் தொழிலை விட்டாலும் அட்டை இருக்கும். அட்டை கிழிந்தாலும் தூண் இருக்கும். அலைபவர்களோ மாடு சுமக்கும் அளவே உடைமை வைத்திருக்க முடியும். கல்லையும் தறியையும் அவர்கள் தூக்கிச் செல்ல இயலாது. ஆதலால் அவர்களுடைய சித்திரம் முழுதும் கைவிரல் நினைவில் இருந்தது. விரல் நின்றால் சித்திரமும் நின்றுவிடும்.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே லம்பாடியரின் சிற்றூர்கள் உள்ளன. 1990-களின் தொடக்கத்தில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே சென்று மருத்துவப் பணி தொடங்கினர். அவர்கள் காலத்தில் அவ்வூர்ப் பெண்கள் சேலைக்கு மாறியிருந்தனர். ஏறத்தாழ இரண்டு தலைமுறையாக எவரும் தைக்கவில்லை. பெட்டிக்குள் கிடந்த சில பழைய ஆடைகளும், தையலை மறவாத இரு மூதாட்டியருமே எஞ்சியிருந்தனர். அவ்விருவரும் இன்னும் பத்தாண்டு முன்னதாக மறைந்திருப்பின், பழைய துணியை வைத்துக்கொண்டு அதன் இலக்கணத்தை ஊகிக்க வேண்டியதாகியிருக்கும். நல்வாய்ப்பாக, 2006-ஆம் ஆண்டளவில் இளம்பெண்கள் சிலர் அம்மூதாட்டியரிடம் அமர்ந்து கற்கத் தொடங்கினர். அம்முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர் 'போர்கை'. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்பது பொருள். ஒருகாலத்தில் அவ்வுடையை அணிந்து வெளியே செல்லக் கூசியவர்கள் அப்பெயரைத் தேர்ந்ததில் வியப்பில்லை. கருநாடகத்தில் சந்தூர் லம்பாணித் தையல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் முதல் சாடு ஏரி வரையிலும் அதற்கப்பாலும் மாடு மேய்த்துத் திரியும் ஃபுலானி மக்கள் பரவியுள்ளனர். அவர்களுள் ஒருவர் சைதூ திக்கோ. 1979-இல் புர்க்கினா பாசோ நாட்டின் வடபகுதியில் தேயூ என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதில் ஆடு மேய்த்தார். வெயிலில் தரைமேல் விழும் ஆட்டின் நிழலைச் சுற்றிக் கோடு வரைந்தே அவர் ஓவியம் பழகினார். ஓவியக்கலையைத் தாமாகவே கற்றுக்கொண்டார். ஆடு நகர்ந்தால் நிழலும் நகரும். காற்று வந்தால் கோடும் அழியும். இன்று பிரான்சில் வாழும் அவர், தாம் எடுக்கும் ஒளிப்படங்களில் மனித உருவங்களின்மேல் கருவண்ணம் தீட்டி அவர்களை நிழல்களாக்குகிறார். அந்நிழல்களைக் காணும்போது, படிவத்தின் கட்டத்தில் எழுத முகவரி இல்லாத தாயும் மகளும் என் முன் நிற்கின்றனர்.

இவ்விரு மக்களையும் இணைக்கும் ஒரு சிறுபொருளும் உண்டு. அது சோழி. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி, வணிகர் கைமாறிச் சென்று மேற்கு ஆப்பிரிக்காவில் பல நூற்றாண்டுகள் நாணயமாக வழங்கிற்று. அங்குள்ள மக்களுக்கு அணியாகவும் ஆயிற்று. அதே சோழிதான் இங்கே லம்பாடிப் பெண்ணின் பாவாடையிலும் தைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தில்லாதவர்கள் எழுதி வைத்த பயணக்குறிப்பு என்று அதனைக் கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த கைத்தொழிற் கண்காட்சி ஒன்றில் சிட்டிலிங்கிப் பெண்கள் தைத்த பை ஒன்றை வாங்கினேன். என் பழைய மாணவர் ஒருவர் இங்கே ஜக்கார்டு அட்டைகளில் துளையிடும் தொழில் செய்கிறார். நாற்பது ஆண்டாகப் பட்டின் சித்திரங்களை அட்டைக்கு மாற்றி வருபவர். அவரிடம் அதனைக் காட்டினேன். மேற்புறத்தை ஒருமுறை பார்த்தார். உடனே உட்புறத்தைத் திருப்பினார். தொழில் அறிந்தவர் அவ்வாறுதான் பார்ப்பார். இழைகளை நகத்தால் தொட்டு எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"சார், இதற்கு அட்டை வெட்டியது யார்?" என்று கேட்டார்.

"அட்டை இல்லை, தம்பி. அவர்கள் இழையை எண்ணித் தைக்கிறார்கள்" என்றேன்.

அவர் விடை கூறவில்லை. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, வெளிச்சம் படும்படி வாசற்படியில் போய் அமர்ந்து, மூன்றாம் முறையாக எண்ணத் தொடங்கினார்.