நரம்பு மாட்டிக்கிச்சு - ஒரு சின்ன வரலாறு

எங்க திண்டுக்கல் பக்கம் முதுகுவலிக்குப் பஞ்சமே இல்லீங்க. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவங்க, சின்னாளபட்டியில தறிக்குழியில காலை விட்டு நெய்யுறவங்க, மிச்சமிருக்கிற பூட்டுப் பட்டறைகள்ல குனிஞ்சு அரம் போடுறவங்க... "எலும்பு விலகி நரம்பு மாட்டிக்கிச்சு"ன்னு சொல்லாத தெரு கிடையாது. உடனே இரட்டைப்பிள்ளையைக் கூப்பிட்டு நீவச் சொல்லுவாங்க. இல்லைன்னா வர்மம், தொக்கணம். இப்போ புதுசா, "டக்"குனு சத்தம் வர்ற கைரோபிராக்டிக் வீடியோக்கள் :)

இந்த "எலும்பு விலகல்" பேச்சு நம்ம ஊர் சொத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், காந்த வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்தவர் டேனியல் டேவிட் பால்மர். 1895 செப்டம்பரில், காது சரியாகக் கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பில் ஒரு புடைப்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் காது கேட்டதாகவும் பால்மர் எழுதினார். 1897ல் பள்ளி ஆரம்பிச்சார். 1906ல் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காகச் சிறைக்கும் போனார்.

இதுல ஒரு சிக்கல். கேட்கும் நரம்பு மூளையிலிருந்து நேரா காதுக்குப் போகுது. முதுகுத்தண்டு வழியா வர்றதே இல்லை! எலும்பு விலகினா எல்லா நோயும் வரும்ங்கிற பால்மரின் கொள்கை நிரூபிக்கப்படலை.

அப்போ நரம்பை நசுக்குறது எது? அதுக்கு 1934 வரை காத்திருக்கணும். மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு பாஸ்டன் மருத்துவர்கள், அதுவரை கட்டின்னு நினைச்சு வெட்டி எடுத்ததில் பல, உண்மையில் பிதுங்கி வந்த டிஸ்க்தான்னு காட்டினாங்க. முதுகெலும்புகளுக்கு நடுவில் வாஷர் மாதிரி இருக்குற டிஸ்க்கோட வெளிவளையம் கிழிஞ்சு, உள்ளே உள்ள கூழ் பிதுங்கி நரம்பு வேரைத் தொடுது. அதான் இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாயுற மாதிரி வலி. ஆக, எலும்பு இடம் மாறுறதில்லை. அந்த "டக்" சத்தமும் எலும்பு பொருந்துற சத்தமில்லை. மூட்டுத் திரவத்துல உண்டாகிற வாயுக்குமிழி விவகாரம்.

அதுக்காக கைரோபிராக்டிக்கை முழுசா ஒதுக்கவும் முடியாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் இவங்களைப் புறக்கணிச்சது சட்டவிரோதம்னு 1987ல் நீதிமன்றமே சொல்லிச்சு. சாதாரண இடுப்புவலிக்கு ஓரளவு பலன் உண்டு, உடற்பயிற்சி அளவுக்கு. ஆனா இந்தியாவில் சித்தா மருத்துவருக்கு இருக்குற மாதிரி இவங்களுக்குச் சட்டப்படியான பதிவு கிடையாது. யார் வேணும்னாலும் போர்டு மாட்டலாம். கழுத்தைத் திருகும்போது, அரிதாக, ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதமே வந்திருக்கு.

டிஸ்க் பிதுங்கினவங்கள்ல பெரும்பாலோருக்குச் சில வாரங்கள்லயே தானாகக் குறையுது. அதனால கடைசியா யார் கை வச்சாங்களோ, அவங்களுக்குப் பேர் :)

ஆனா ஒண்ணு. கால் மரத்து வலுவிழந்தா, பாதம் தொங்கினா, சிறுநீர் அடைச்சாலோ தெரியாமப் போனாலோ, உட்காருற இடம் மரத்துப்போனா நீவவும் வேண்டாம், திருகவும் வேண்டாம். அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். திண்டுக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. மூட்டை தூக்குறவருக்கு முதுகும் காலும்தான் முதல். ஒருநாள் தாமதம், ஆயுசுக்கும் நடையைக் கெடுத்துடும்.

உங்க ஊர்ல சுளுக்கு எடுக்க என்ன வழக்கம்? சொல்லிட்டுப் போங்க மக்களே.