கடலுக்குப் போகாத சோறு

1990களின் தொடக்கத்தில் இன்டர்லாக்கனில் ஓர் உணவுவிடுதியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பிரியன்ஸ் ஏரியிலிருந்து ஃபெல்ஹென் மீன் வந்தால் செதில் எடுப்பதும் என் வேலைதான். மூதூர்க் கடற்றொழிலாளியின் மகன் என்பதால் கத்தியை நம்பி என்னிடம் கொடுத்தார்கள்.

1999இல் அந்த மீன் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அதற்கு இரையான நீர்த்தெள்ளும் அவ்வாண்டு ஏரியில் காணாமற் போயிருந்தது. மேலே கிரிம்சல் மலையில் 1932இல் கட்டி முடித்த அணையையும் பின்னர் எழுந்த அணைகளையும் மீனவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். அதைக் கேட்டபோது தொலைபேசியில் அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது: "மகாவலியைக் கட்டிப்போட்டாங்கள் தம்பி. குடாவுக்குச் சோறு வருகுதில்லை."

மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. 1976இல் பொல்கொல்லையில் அதன் நீரில் ஒரு பகுதி வடக்கே திருப்பப்பட்டது. 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் எழுந்தன. மாரி வெள்ளம் கலங்கி வந்தால்தான் இறால் படும் என்பது அப்பாவின் கணக்கு.

அவர் "சோறு" என்றதை அறிவியலாளர்கள் ஊட்டச்சத்து என்கிறார்கள். ஆறு நைதரசன், பொசுபரசு, சிலிக்கா ஆகியவற்றைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. இவற்றை உண்டு நுண்பாசி வளர்கிறது. அதைச் சிற்றுயிர்கள் தின்ன, அவற்றை மீன் தின்கிறது. அணைக்குள் நீர் அசையாது நிற்கும்போது வண்டல் அடியில் படிகிறது. வண்டலில் ஒட்டிய பொசுபரசும் அதோடு தங்கிவிடுகிறது.

எகிப்தில் இது கண்கூடாக நடந்தது. 1960களின் நடுப்பகுதியில் அஸ்வான் உயரணை நைல் வெள்ளத்தை மறித்தது. 1962இல் சுமார் 18,000 தொன்னாக இருந்த எகிப்தின் சாளை மீன்பிடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சில நூறு தொன்னாகச் சுருங்கியது. ஆனால் 1980களில் அக்கரையில் மீன்பிடி மறுபடி உயர்ந்தது. வயல்களின் உரமும் பெருகிய நகரங்களின் கழிவுநீரும் வெள்ளத்தின் இடத்தை நிரப்பின என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

சுவிஸின் நீரும் தொலைவான கடல்களுக்குப் போகிறது. எங்கடின் பள்ளத்தாக்கில் பிறக்கும் இன் ஆறு தன்யூபில் சேர்ந்து கருங்கடலை அடைகிறது. தன்யூபின் குறுக்கே 1972இல் இரும்புவாயில் அணை முடிந்தது. அணைகள் எழுந்த பின் ஆறு கருங்கடலுக்குக் கொண்டுபோகும் சிலிக்கா மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்று 1997இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. டயட்டம் என்ற நுண்பாசி தன் ஓட்டைச் சிலிக்காவால்தான் கட்டுகிறது. அது குறைந்தால் ஓடில்லாத வேறு பாசிகள் மிகுந்து கடலின் உணவுச் சங்கிலியே மாறிவிடும்.

குற்றவாளி இரும்புவாயில்தான் என்று பலரும் முடிவுகட்டினார்கள். சூரிச்சுக்கு அருகில் டியூபென்டோர்ஃபில் உள்ள நீரியல் ஆய்வு நிறுவனமான எயாவாக்கின் ஆய்வாளர்கள் நேரில் போய் அளந்தார்கள். அத்தேக்கத்தில் தங்கும் சிலிக்கா சில விழுக்காடுதான் என்று 2004இல் எழுதினார்கள். ஒரே ஓர் அணையின் தலையில் எல்லாப் பழியையும் போட முடியவில்லை. மேலே, ஆற்றின் தலைப்பகுதிகளில் நிற்கும் பல அணைகளையும் பார்க்கவேண்டியிருந்தது.

பிரியன்ஸ் ஏரியின் வழக்கிலும் அதே நிறுவனம் பங்கெடுத்தது. கிரிம்சல் அணைகள் பனியாற்று மாவைக் கோடையில் பிடித்துவைத்து, மின் உற்பத்திக்காக மாரியில் நீரைத் திறக்கும்போது அதை வெளியே விடுகின்றன. அதனால் ஏரி கலங்கும் காலம் மாறியது உண்மை. ஆனால் மீன் குறைந்ததற்கு முதற்காரணம் பொசுபரசுக் குறைவு. சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை வடித்தன. 1986இல் சலவைத்தூளில் பொசுபேற்று தடைசெய்யப்பட்டது. பல ஆண்டுகளாக அந்த ஏரியின் மீனுக்கு ஒரு பங்கு உணவு எங்கள் சலவைநீரில்தான் போயிருக்கிறது. ஏரி தன் பழைய தூய்மைக்குத் திரும்பியபோது மீனவன் வெறுங்கையோடு நின்றான்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது அப்பா உயிரோடு இல்லை. அவருடைய பேச்சை மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். வண்டல் பற்றிய அவர் கணக்குப் பிழையில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் கிழக்குக் கடலில் தொழிலுக்குப் போகத் தடைகள் இருந்தன. இரவில் வலை போட முடியாது. போன வள்ளம் திரும்பும் என்ற உறுதியும் இல்லை. அவற்றைப் பற்றி அவர் ஒருநாளும் தொலைபேசியில் பேசியதில்லை. யார் ஒட்டுக்கேட்டாலும் ஓர் அணையைத் திட்டுவதில் ஆபத்தில்லை.

நானும் அணையை மட்டுமே கேட்டுக்கொண்டேன். "வலை எப்போது போடுறியள் அப்பா?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.