பிடரியில் கேட்ட இரைச்சல்

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் (இன்றைய பார்க்கின்சன் நோய்) பற்றி எழுதியபோது, அவரிடம் இருந்தவை ஆறே பேரின் விவரங்கள். அவர்களிலும் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். நடுக்கம், கூன், விரையும் நடை எல்லாவற்றையும் துல்லியமாகப் பிடித்தவர், புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றும் எழுதிவிட்டார். பாரிஸில் நரம்பியல் மருத்துவர் சார்க்கோ அதைப் பின்னர் மறுத்தார். ஆனாலும் இந்த நோயைக் கைகால் நோயாகவே பார்க்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது.

இந்த நோயாளிகளின் நினைவாற்றலைச் சோதிக்கும் உளவியலாளர் நான். "அப்பாவுக்கு அக்கறையே போயிடுச்சு மேடம், வெச்ச இடம் தெரியல" என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பழைய வரிமேல் எனக்குக் கோபம் வரும். அப்பாவிடம் உளவியலாளர் ஆந்த்ரே ரே 1941இல் வெளியிட்ட கோட்டுப்படத்தைக் கொடுக்கிறேன். பார்த்து வரைகிறார். படத்தை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி வரையச் சொன்னால், சில கோடுகளோடு நின்றுவிடுகிறார். பார்க்கும்போதே முழு உருவமாக அல்லாமல் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டவருக்குத் திரும்ப எடுக்க அதிகம் கிடைப்பதில்லை. நடுங்கும் கை இதற்குக் காரணமல்ல.

கோளாறு, பார்ப்பதை ஏற்றிக்கொள்ளும் மூளையில்; அது வேலை செய்வதை அங்கே ஓடும் ரத்தம் காட்டும். பார்வைக்கும் ரத்தத்துக்கும் உள்ள இந்த உறவைக் காதால் கேட்கவைத்தவர் ஒரு மாலுமி. பாஸ்டனில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கிடம் வந்த அவருக்கு, பார்வையைக் கையாளும் மூளையின் பின்பகுதியில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடந்தன. தலைக்குப் பின்னால் எப்போதும் ஓர் இரைச்சல் என்றார். கண்ணுக்கு வேலை கொடுத்தால் அது கூடுகிறதாம். குஷிங்குடன் பணியாற்றிய ஜான் ஃபுல்டன் அதை நம்பிச் சோதித்தார். பொடி எழுத்தைப் படிக்கவைத்தால் இரைச்சல் ஏறியது. வாசனை பிடித்தாலோ கடிகாரத்தின் டிக்டிக்கை உற்றுக் கேட்டாலோ ஏறவில்லை. 1928இல் அது கட்டுரையாக வெளிவந்தது. நோயாளி சொன்னதைத் தட்டிக்கழிக்காத அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிற்பாடு ஸ்பெக்ட் ஸ்கேன் வந்தது. கதிரியக்க மருந்தைச் சிரையில் ஏற்றி, காமா கேமராவால் மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமாக்கும் முறை. மறதிநோய் வராத பார்க்கின்சன் நோயாளிகள் சிலரிடமும் அதே பின்பகுதியில் ஓட்டம் குறைந்திருந்தது. பார்த்ததை அறியும் சோதனைகளிலும் அவர்கள் தடுமாறினார்கள். ரத்தம் குறைந்ததால்தான் நினைவு போனது என்று இதைப் படிக்கக் கூடாது. வேலை குறைந்த நரம்பணுக்கள் கேட்டு வாங்கும் ரத்தமும் குறைவு.

வீட்டாரிடம் நான் ஸ்கேனைக் காட்டிப் பேசுவது அக்கறை என்ற சொல்லை அவர்கள் விட்டுவிடத்தான். பிறகு சாவிக்கு ஒரே ஆணி, டப்பாக்கள்மேல் பெரிய எழுத்தில் பெயர் என்று வேலையைத் தொடங்குகிறோம்.