தியாகராச செட்டியார் விட்டுக்கொடுத்த நாற்காலி



சென்ற கல்வியாண்டின் இறுதி வகுப்பு முடிந்த மாலை அது. மேலநீலிதநல்லூரில் பேருந்துக்காகக் காத்திருந்த நம்மிடம், முதுகலைத் தமிழ் முடிக்கவிருந்த மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். அவர் தந்தையார் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுபவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி இவர்தாம். திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலோ அரசுத் தேர்வுக்குப் படி என்கிறார்கள். அவருக்கோ நாட்டார் பாடல்களைத் தொகுக்க வேண்டும் என்று ஆசை.

"ஐயா, கிடைத்த வேலைக்குப் போவதா, மனசுக்கு நிறைவான வேலை வரும்வரை காத்திருப்பதா?" என்று கேட்டார்.

நமக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் தம்பி" என்று சொல்லிப் பேருந்தில் ஏறிவிட்டோம். நாமும் முதுகலை முடித்த பின்னர் மணிக்கணக்கு ஊதியத்தில் சில ஆண்டுகள் அலைந்தவர்கள். நியமன ஆணை கைக்கு வந்துவிட்டால் மனநிறைவும் அதனுடன் உறையிலிட்டு வந்துவிடும் என்று அன்று நம்பியிருந்தோம். அப்படி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அன்றிரவு எண்ணிப் பார்க்கையில், தமிழாசிரியர் ஒருவரின் முதல் வேலை பற்றிய வரலாறு நினைவில் எழுந்தது. அதனை இங்கே எழுதி வைக்கிறோம்.

வேலை தேடி அலைந்த குடும்பம்

உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதன் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிறந்தவர். பின்னாளில் 'தமிழ்த் தாத்தா' என்று நாடு போற்றிய உ.வே.சா. அவரே. ஆனால் அவருடைய இளமைப் பருவத்தைப் படிக்கும்போது தாத்தாவை மறந்துவிட வேண்டும்; கடனும் கவலையும் சூழ்ந்த ஓர் இளைஞனைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். தந்தையார் இசையில் வல்லவர்; ஆதரிப்போரைத் தேடி அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்தவர். மகனும் இசைப்பயிற்சியில் தேறிப் பிழைத்துக்கொள்வான் என்பது அவர் எண்ணம். மகனுக்கோ தமிழின்மேல் தீராத வேட்கை.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார் சாமிநாதன். தமிழ் படித்து என்ன வேலைக்குப் போவது என்ற கேள்விக்கு அன்று விடை இருந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலம் படித்தோர்க்குக் கச்சேரியில் உத்தியோகம்; வடமொழி படித்தோர்க்கு வைதிகம்; தமிழ் படித்தோர்க்கு மடத்தின் ஆதரவு, அல்லது செல்வர்களின் தயவு. படிப்பின் நடுவே குடும்பக் கடனைத் தீர்ப்பதற்காகக் காரை என்னும் சிற்றூருக்குச் சென்று திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்ததை அவரே தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். இன்று ஒரு முதுகலை மாணவர் தனிப்பயிற்சி மையத்தில் பகுதிநேரமாகப் பாடம் நடத்துவதோடு இதனை ஒப்பிடலாம்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிள்ளையவர்கள் மறைந்தார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரின் நிழலில் கற்பதும் கற்பிப்பதுமாகச் சாமிநாதையர் வாழ்ந்தார். உண்ண உணவும் இருக்க வீடும் மடம் அளித்தது. குறையொன்றும் இல்லை. அங்கேயே இருந்திருந்தால், நல்ல பல அந்தாதிகளும் கலம்பகங்களும் பாடிய மடத்து வித்துவான் ஒருவரைத் தமிழ்நாடு பெற்றிருக்கும்.

விட்டுக்கொடுத்தவர்

இவ்வரலாற்றில் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் நின்று நோக்க வேண்டியவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையவர்களின் மாணவர். கும்பகோணம் அரசு கல்லூரியில் தமிழாசிரியர். கண்டிப்பும் வெடுக்கென்ற பேச்சும் உடையவர் என்று பெயர் பெற்றவர். 1880ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற வேண்டியிருந்தது. ஓய்வு பெறுகிறவர் தமக்குரியதைப் பெற்றுக்கொண்டு வீடு போய்ச் சேர்வதுதான் எக்காலத்தும் வழக்கம். செட்டியார் அவ்வாறு செய்யவில்லை. அவரே திருவாவடுதுறைக்கு வந்து, தம் இடத்துக்குச் சாமிநாதையரை அனுப்பியே ஆக வேண்டும் என்று தேசிகரிடம் வற்புறுத்தினார்.

தேசிகருக்குப் பிரிய மனமில்லை. மடத்தில் பாடம் சொல்ல ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். அன்பு மற்றொரு காரணம். ஆயினும் மாணவரின் நலம் கருதி முடிவில் இசைந்தார். செட்டியார் கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் சாமிநாதையரை அழைத்துச் சென்றார். அங்கிருந்தோர் செய்யுள் இயற்றச் சொல்லி அவரைச் சோதித்தனர். பிப்ரவரித் திங்களில் வேலை உறுதியாயிற்று. மாதச் சம்பளம் 50 ரூபாய். ஏறத்தாழ 25 வயது நிறைந்த வேளை அது.

பட்டம் ஏதும் இல்லாத, ஆங்கிலக் கல்வி பெறாத ஓர் இளைஞரை அரசு கல்லூரிக்குள் கொண்டுவந்து சேர்த்தது எது? அவருடைய புலமை என்பது உண்மை. ஆனால் பாதி உண்மைதான். அப்புலமையை அறிந்த ஒருவர், தாம் எழுந்து செல்லும் நாற்காலியில் யார் அமர வேண்டும் என்று கவலைப்பட்டார் என்பது மறுபாதி. உ.வே.சா. இதனை ஒருநாளும் மறக்கவில்லை. பிற்காலத்தில் சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் அவர் வாழ்ந்த வீட்டின் பெயர் 'தியாகராஜ விலாசம்' என்பதை அன்பர்கள் அறிந்திருக்கலாம்.

வேலை கிடைத்த பின்னர் வந்த கேள்வி

நிற்க. கதை இத்துடன் முடிந்திருந்தால், வேலை தேடிய இளைஞர் ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்தது என்ற அளவில் நின்றிருக்கும். குடும்பத்தின் வறுமை நீங்கியது. மாணவர்கள் மதித்தனர். நாம் நியமன ஆணையில் தேடிய எல்லாமும் அவருக்கு அப்போது கிடைத்திருந்தன.

வேலையில் சேர்ந்து எட்டுத் திங்கள் சென்றபின், 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலையே சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. அவற்றால் என்ன பயன் என்கிற பாங்கில் பேசிவிட்டு, சீவக சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று வினவினார்.

படித்ததில்லை, ஏட்டுச்சுவடியாகக்கூடப் பார்த்ததில்லை.

அரசு கல்லூரித் தமிழாசிரியருக்கு இது எத்தகைய இடி என்பதை எண்ணிப் பாருங்கள். அவருடைய ஆசிரியர் அக்காலத் தமிழ்ப் புலவர்களுள் தலைசிறந்தவர். அவரிடம் ஐந்து ஆண்டுகள் இரவும் பகலும் கற்றவர் இவர். ஆயினும் தமிழின் பெருநூல்கள் அப்பாடத்திட்டத்தின் வெளியே கிடந்தன. "நான் மகாவித்துவானின் மாணவன்" என்று சினந்து எழுந்து வந்திருக்கலாம். வாங்கும் சம்பளத்துக்கு இத்தனை போதும் என்றும் இருந்திருக்கலாம். உ.வே.சா. செய்தது வேறு. நூல் கிடைத்தால் படித்துப் பாடம் சொல்ல முடியும் என்றார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார்.

படிக்கத் தொடங்கியதும் தெரிந்தது, தாம் அறிந்த தமிழைக் கொண்டு இந்நூலைத் திறக்க முடியாது என்பது. சமண நூலைச் சமணரிடம்தான் கேட்க வேண்டும் என்று கும்பகோணத்துச் சமண அன்பர்களின் வீடு தேடிச் சென்றார். கல்லூரியில் ஆசிரியர்; அங்கே மாணவர். பிரதி மேல் பிரதியாகத் தேடி ஒப்புநோக்கி 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். வேலையில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இவை யாவும் வகுப்புகளை நடத்திக்கொண்டே, விடுமுறைகளில் ஊர் ஊராக அலைந்து செய்த பணிகள் என்பது கவனத்துக்குரியது. அரசு அவருக்கு அளித்தது மாணவர்க்குப் பாடம் சொல்லும் வேலை. சுவடி தேடும் வேலையை எவரும் அவருக்கு அளிக்கவில்லை. ஆனால் முதல் வேலை இல்லையேல் இரண்டாவது இல்லை. 50 ரூபாய்ச் சம்பளம் அடுப்பெரியச் செய்தது. கும்பகோணம் என்ற ஊர் ஒரு முன்சீபின் கேள்வியை அவர்முன் கொண்டுவந்து நிறுத்தியது.

நம் சீமையில் அவர் கண்டவை

சுவடி தேடி அவர் நெல்லைச் சீமைக்கும் வந்தார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீட்டில் பத்துப்பாட்டின் அரிய சுவடி கிடைத்து மகிழ்ந்த செய்தி பலரும் அறிந்தது. சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ள கரிவலம்வந்தநல்லூரில் நேர்ந்ததோ வேறு. பாண்டிய மரபில் வந்த அரசர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று ஆவலோடு வந்தார். சிதைந்துபோன ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட வேண்டும் என்பது சாத்திரம் எனக் கொண்டு, அவற்றை அவ்வாறே எரித்துவிட்டதாகக் கோயிலார் அவரிடம் சொன்னார்கள். அவர்கள் பகைமையால் எரிக்கவில்லை. மரியாதை என்று எண்ணி எரித்தார்கள். என்னென்ன நூல்கள் அத்தீயில் போயின என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

அவ்வூர் வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் ஒன்று தோன்றும். ஏற்ற வேலையில் ஏற்றவர் ஓர் ஆண்டு தாமதமாகச் சேர்ந்தால், இழப்பு அவருக்கு மட்டுமன்று. செட்டியார் வற்புறுத்தாமல் இருந்திருந்தால், தேசிகர் இசையாமல் இருந்திருந்தால், எத்தனை ஊர்களில் எத்தனை ஏடுகள் தீக்கும் செல்லுக்கும் இரையாகியிருக்கும்!

எட்டயபுரத்துப் பாரதியின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அரசஞ்சண்முகனார் விடுப்பில் சென்றமையால் ஏற்பட்ட தற்காலிகத் தமிழாசிரியர் பணியில், ஆகஸ்டு முதல் நவம்பர் வரை சில திங்களே இருந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே சென்னையில் 'சுதேசமித்திரன்' உதவியாசிரியரானார். அவர் வாழ்வின் பணி அங்கேதான் தொடங்கியது. அவருக்கும் முதல் வேலை வீடாகவில்லை. வழியில் ஒரு திண்ணையாக அமைந்தது.

மாணவருக்கு நாம் சொன்னது

மறுவாரம் அம்மாணவரைத் துறைக்கு வரச் சொன்னோம். கிடைத்த வேலையை இகழ வேண்டாம் என்றோம். மனநிறைவைச் சம்பளப் பட்டியலில் தேட வேண்டாம் என்றும், கடையில் வாரத்துக்கு ஒருநாள் விடுமுறை உண்டா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள் என்றும் சொன்னோம். விடுமுறை உண்டு என்றார். அந்நாளில் அவருடைய பாட்டியிடமிருந்து பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்குவதாக ஒப்புக்கொண்டார்.

பிறகு எழுந்து நின்று, "ஐயா, உ.வே.சா.வுக்குச் செட்டியார் இருந்தார். எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, இயல்பாகத்தான் கேட்டார்.

அக்கேள்வி நமக்குரியது, நம் வயதில் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் உரியது. மாணவர்க்கு உ.வே.சா.வின் உழைப்பை எடுத்துக்காட்டுகிறோம்; செட்டியாரின் செயலை நமக்கு நாமே எடுத்துக்காட்டிக்கொண்டதுண்டா? ஒரு மாணவரை அழைத்துக்கொண்டு ஒரு வாசலுக்குச் சென்று, "இவர் தகுதியுடையவர், நான் பொறுப்பு" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? எண்ணிப் பார்த்தோம். ஒரு கை விரல்களே போதுமானவையாக இருந்தன.

நாட்டார் வழக்காற்றியலில் தோய்ந்த நண்பர் ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார். அடுத்த ஞாயிறன்று அம்மாணவரை அவரிடம் அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். வேலை கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. ஒரு நல்ல கேள்வியேனும் கிடைக்கும் என்று நம்புகிறோம்.