கல்முனைக் கரையின் லாண்ட்மாஸ்டர் காலம்

இலங்கையின் கிழக்கில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் கரையோர ஊர்களுக்குக் கிழக்கே மீன், மேற்கே நெல். மேற்கே விரியும் வட்டைகள் எனப்படும் வயல்வெளிகளில் ஒரு காலத்தில் எருமைகள் இல்லாமல் வேளாண்மை இல்லை. தண்ணீர் கட்டிய வயலில் எருமைக் கூட்டத்தை இறக்கிச் சேறு மிதிக்க விடுவார்கள். அறுவடைக்குப் பிறகு அதே எருமைகள் களவெட்டியில் சூடு மிதிக்கும். பொலிப்பாட்டு இரவெல்லாம் கேட்கும். போடியார் எனப்பட்ட நிலக்காரரின் செல்வாக்கை அவருடைய பட்டியில் நின்ற மாடுகளை வைத்தே ஊர் மதித்தது.

கல்லோயாத் திட்டம் இந்த ஒழுங்கைக் கலைத்தது. கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறிக்கும் வேலை 1949இல் தொடங்கியது. அணையைக் கட்டியது அமெரிக்காவின் மொரிசன்-நட்சன் நிறுவனம். அணையால் உருவான சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியதும் காடு வயலானது, சிறுபோகத்துக்கும் நீர் கிடைத்தது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் இப்போது அதிகாரிகள் குறித்தார்கள். அந்த நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். இடதுகரை வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்குத் தண்ணீர் பிந்தித்தான் வந்தது. 1979 முதல் 1985 வரை கோர்னெல் பல்கலைக்கழகத்தின் துணையோடு நடந்த நீர் முகாமைத்துவத் திட்டம் இந்தக் குறையோடுதான் மல்லுக்கட்டியது. தண்ணீர் பிந்தினால் உழவு நாட்கள் சுருங்கும். அந்த அவசரத்துக்கு எருமை ஈடுகொடுக்காது.

ஈடுகொடுத்தது, பின்னால் நடந்துகொண்டே ஓட்டும் இருசில்லு உழவு இயந்திரம். இலங்கைப் பொறியாளர் ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த லாண்ட்மாஸ்டர் இங்கிலாந்தில் தயாராகிப் பல நாடுகளுக்குப் போனது. பிறகு ஜப்பானிலிருந்து குபோட்டாவும் யன்மாரும், இன்னும் பிந்திச் சீனாவிலிருந்து சிஃபாங்கும் வந்தன. எந்தக் கம்பனியின் மெசினாக இருந்தாலும் வடக்கிலும் கிழக்கிலும் அது லாண்ட்மாஸ்டர்தான். விஜேவர்தனவோ பின்னாளில் தன் படைப்பைத் தானே கேள்வி கேட்டார். வெப்ப மண்டல வேளாண்மையை நான் நவீனமாக்கவில்லை, எருமையை மட்டுமே இயந்திரமாக்கினேன் என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். மண்ணையும் எரிபொருளையும் எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனாலும் கடைக்கோடி விவசாயிக்கு அந்த இயந்திர எருமை இல்லாவிட்டால் பல போகங்கள் தவறியிருக்கும்.

இயந்திரம் வந்தால் பழுதும் வரும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் ஒரு பெயாரிங்குக்கும் அலைய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் பழுதைச் சரியாகக் கண்டுபிடிப்பதே பெரிய செல்வம். தேவையில்லாமல் கழற்றிய ஒயில் சீல் கிழிந்தால், மாற்றிப் போட இன்னொன்று கிடைக்காது.

பின்னால் வந்த ஜப்பான், சீன மெசின்களின் கட்டமைப்பு எளிமையானது. படுக்கையாக வைத்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின். அதிலிருந்து பெல்ட் வழியாகக் கிளச். பிறகு கியர் பொக்ஸ். கடைசியில் சில்லும் சுழல் கலப்பையும். பரவலாக ஓடிய சீனத்து எஸ்195 என்ஜினின் சிலிண்டர் விட்டம் 95 மில்லிமீட்டர், பலம் 12 குதிரைவலு. இத்தகைய சிறிய டீசல் என்ஜினை 1933இல் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை யன்மார் நிறுவனத்தைச் சேரும்.

வட்டைக்குள் வழக்கமில்லாத சத்தத்தோடு தடுமாறும் மெசினிடம் மெக்கானிக் கேட்கும் முதற் கேள்வி, கோளாறு என்ஜினிலா கியர் பொக்ஸிலா என்பது. பெல்டை மட்டும் கழற்றிவிட்டு என்ஜினைத் தனியே ஓடவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். சத்தம் அடங்கினால் குற்றம் கியர் பக்கம். அடங்காவிட்டால் என்ஜின் பக்கம். கழற்றிய பெல்டின் ஓரம் வழுவழுத்து மினுங்கினால் இரண்டும் நிரபராதி, பெல்ட்தான் வழுக்குகிறது. என்ஜினின் நோயைப் புகை சொல்லும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, முதலில் ஏயர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கலாம். ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியைச் சுற்றும்போது, அமுக்கத்தை விடுவிக்கும் நெம்பை விட்ட பிறகும் எதிர்ப்பே இல்லாமல் இலகுவாகச் சுற்றினால் சிலிண்டருக்குள் அமுக்கம் இல்லை.

கியர் பொக்ஸ் பேசாது; அதன் ஒயிலை வடித்துத்தான் விசாரிக்க வேண்டும். ஒயில் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நெல் வயலுக்கே உரிய நோய் இது: வைக்கோலும் புல்லும் அச்சில் சுற்றிச் சீலை அறுக்க, சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து பெயாரிங்கைத் தின்றுவிடும். வடித்த ஒயிலில் காந்தத்தை விட்டால் ஒட்டுவது கியர்ப் பல்லின் அல்லது பெயாரிங்கின் உருக்கு. ஒட்டாமல் மஞ்சளாகக் கிடப்பது புஷ்ஷின் பித்தளை. ஓடும்போதே கியர் தானாகக் கழன்று வந்தால், பல்லைக் குறை சொல்வதற்கு முன் கியர் மாற்றும் கவட்டையின் தேய்மானத்தையும், கியரை இடத்தில் பிடித்துவைக்கும் குண்டைத் தள்ளும் ஸ்பிரிங்கின் தளர்ச்சியையும் பார்க்க வேண்டும். பல்லே தேய்ந்திருந்தால் வெல்டிங்கால் உலோகம் ஏற்றி, அரத்தால் ராவி மறுபடி ஓடவிடுவது பட்டறைகளின் வழமை. இந்தச் சோதனை முறையின் தர்க்கம் கணக்குப் படித்த பொறியாளரும் மதிக்க வேண்டியது. ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்தைக் குறைக்கிறது, செலவோ மிகச் சொற்பம்.

உழவு முடிந்த மாதங்களிலும் லாண்ட்மாஸ்டருக்கு ஓய்வில்லை. பெட்டி பூட்டி நெல்லும் மண்ணும் விறகும் ஏற்றினார்கள். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பல குடும்பங்களுக்கு வாகனமும் அதுவே. இப்போது நான்கு சில்லு உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வட்டைகளை ஆள்கின்றன. கராஜுக்கு வரும் லாண்ட்மாஸ்டர்கள் குறைந்துவிட்டன.

கல்லோயா அணையைப் பற்றியும் அதோடு வந்த குடியேற்றத்தைப் பற்றியும் நூல்கள் உண்டு. அந்தத் தண்ணீரை நெல்லாக்கிய மெசின்களைத் தூக்கி நிறுத்திய பட்டறைக்காரரைப் பற்றி எழுத்தில் கிடைப்பது மிகச் சொற்பம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், அதே வட்டைகளின் அருகில் இருக்கிறது. அதற்குப் பொறியியல் பீடமும் உண்டு. முதிய மெக்கானிக்மார் நம்மோடு இருக்கும்போதே அவர்களுடைய சோதனை முறைகளை அவர்கள் வாயால் கேட்டுப் பதிவுசெய்யும் வேலையை அந்தப் பீடம் கையில் எடுக்க வேண்டும்.