ரொங்கெலாப் மக்களின் சிறுநீர்ச் சோதனை (1954)

ரொங்கெலாப் சிறுநீர்ச் சோதனை என்பது, அமெரிக்காவின் ஐதரசன் குண்டுச் சோதனையால் கதிரியக்கத்துக்கு உள்ளான மார்சல் தீவு மக்களிடம் 1954 மார்ச் மாதத்தில் நடத்தப்பட்ட ஆய்வாகும். அவர்களின் உடலுக்குள் சென்ற கதிரியக்க அயோடினின் அளவைக் கணிக்க, பிற்கால அறிவியலாளர்கள் இதன் முடிவையே பெரிதும் சார்ந்திருந்தனர்.

பின்னணி

1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் ‘காசில் பிராவோ’ குண்டு வெடிக்கப்பட்டது. அதன் ஆற்றல் 15 மெகா டன். இது எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கும் அதிகம். சில மணி நேரத்தில், கிழக்கே 150 கி.மீ.க்கும் அப்பால் உள்ள ரொங்கெலாப் தீவில் வெண்சாம்பல் பொழிந்தது. உணவிலும் குடிநீரிலும் அது கலந்தது. தீவில் இருந்த 64 பேரும் இரண்டு நாட்களுக்குப் பின்னரே குவாஜலின் படைத்தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

மாதிரி சேகரிப்பு

தோலில் படிந்த சாம்பலின் கதிர்வீச்சைக் கருவியால் அளக்கலாம். உணவோடு உட்சென்ற பொருளின் அளவை, சிறுநீரில் வெளியேறும் பங்கைக் கொண்டு கணக்கிட வேண்டும். வெடிப்புக்கு இரு வாரங்களுக்குப் பின்னர், பலருடைய சிறுநீர் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. அதில் அயோடின்-131 கண்டறியப்பட்டது.

குறைபாடுகள்

அயோடின்-131இன் அரைவாழ்வுக் காலம் 8 நாட்கள். ஆனால் அயோடின்-133இன் அரைவாழ்வுக் காலம் ஒரு நாளுக்கும் குறைவு. எனவே மாதிரி எடுக்கப்படும் முன்பே அது சிதைந்து மறைந்துவிட்டது. மேலும், சிறுநீர் ஒன்றாகக் கலக்கப்பட்டதால் யார் எவ்வளவு பாதிக்கப்பட்டார் என்பதைப் பிரித்தறிய இயலவில்லை. குழந்தைகளின் தைராய்டு சுரப்பி சிறியது என்பதால், அதே அளவு அயோடின் அவர்களுக்குக் கூடுதல் தீங்கு விளைவிக்கும்.

பின்விளைவுகள்

1957இல் மக்கள் ரொங்கெலாப்புக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் மருத்துவக் குழுக்கள் தொடர்ந்து வந்து இரத்தமும் சிறுநீரும் சேகரித்தன. தங்களைச் சோதனைப் பொருளாக நடத்துவதாக மக்கள் குற்றஞ்சாட்டினர். 1963இல் முதல் தைராய்டு கட்டி கண்டறியப்பட்டது. பின்னர், சாம்பல் பொழிந்தபோது 10 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தைராய்டு பாதிப்புக்கு உள்ளாயினர்.

1985இல் புரூக்ஹேவன் அறிவியலாளர்கள் பழைய சிறுநீர் அளவீட்டை மீண்டும் ஆராய்ந்தனர். மறைந்துபோன குறுவாழ்வு அயோடின்களையும் கணக்கில் சேர்த்தபோது, தைராய்டு பெற்ற கதிர்வீச்சு முதல் மதிப்பீட்டைவிடப் பன்மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதே ஆண்டில், தீவின் பாதுகாப்பில் நம்பிக்கை இழந்த மக்கள் ரொங்கெலாப்பைவிட்டு வெளியேறினர்.