ராஜபாளையத்து வேட்டை நாய்

தூய வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு. இத்தகைய நாயைக் கண்டால் அது ராஜபாளையம் நாய் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய இவ்வினத்திற்கு 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. ஆனால் அதன் வெண்மையோடு ஒரு குறையும் சேர்ந்தே வந்திருக்கிறது. அது என்ன?

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர்கள் ஆண்ட காலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் பெரிய நாய்களை வளர்த்தனர். காட்டுப்பன்றியை விரட்டிப் பிடிப்பது இவற்றின் முக்கிய வேலை. மோப்பத்தைவிடப் பார்வையையே நம்பி ஓடுபவை இவை. 1801-இல் பாளையக்காரர்களின் ஆட்சி ஒடுங்கியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைக்கும் இடமில்லாமற் போயிற்று. எஞ்சியவை காவலும் அழகுமே.

காது கேளாத நாயை வேட்டைக்காரன் வைத்துக்கொள்ள மாட்டான். வெண்மைக்காக மட்டும் வளர்ப்பவரோ அக்குறையைக் கவனிக்கத் தவறலாம். உண்மையில், ராஜபாளையம் நாய்களில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு.

வெண்மைக்கும் செவிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? உட்செவியில் ஒரு திரவம் உள்ளது. அதன் பொட்டாசியம் அளவைக் காக்க நிறமிச் செல்கள் தேவை. உடலை வெண்மையாக்கும் சில மரபணுக்கள் இச்செல்கள் பரவுவதைத் தடுக்கின்றன. அவை உட்செவியை எட்டாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷியன் நாய்களிலும் இதே நிலைதான். நீலக்கண் கொண்ட வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை 1859-லேயே டார்வின் சுட்டிக்காட்டினார்.

ஆகவே, குட்டி வாங்குமுன் அது பாராதபோது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயைக் கைச்சைகையால் பழக்கலாம். ஆனால் அதை இனப்பெருக்கத்திற்கு விடக்கூடாது.

வளர்ப்பதிலும் கவனம் வேண்டும். இது ஓடப் பிறந்த நாய். நாள் முழுதும் சங்கிலியில் கட்டினால் முரடாகிவிடும். வேலியிட்ட இடத்தில் காலையும் மாலையும் ஓடவிடுங்கள். மெல்லிய மயிரும் நிறமற்ற தோலும் உள்ளதால் உச்சிவெயிலில் நிழல் தாருங்கள். வீட்டாரிடம் மிகுந்த பற்றுக் கொண்டது; அயலாரை எளிதில் நம்பாது. குட்டிப் பருவத்திலேயே பலரோடு பழக்குவது நல்லது.

வெள்ளை நிறத்தைக் கண்டதும் மயங்கிவிடாமல், செவியையும் நலத்தையும் பார்த்து இணை சேர்த்தால் இந்தப் பழைய வேட்டைத்துணை நலமாக வாழும்.